வியாழக்கிழமைச் சீமாட்டி

மத்ரீத், 1847 பிப்ரவரி 10

என் அருமை லெயோகாதியா அக்காவுக்கு, உன் கையை முத்தமிட்டுக் காசில்டா எழுதுவது.

இருமல் எப்படி இருக்கிறது? செகோவியாவின் மலைக்காற்று உன் நெஞ்சைச் சரி பண்ணிவிடும் என்று சொல்லித்தான் போன கோடையில் அத்தை உன்னை அங்கே கொண்டுபோய் விட்டாள். இன்னும் சரியாகவில்லை என்றால், கோளாறு நெஞ்சிலா, காற்றிலா? இங்கே அத்தை நலம். அத்தை நலமாக இருப்பதால் எனக்குத்தான் அவ்வளவு நலமில்லை.

போன வியாழக்கிழமை என்னைக் கூடை தூக்க வைத்தாள். அரசியார் கொடுத்த அந்தப் பட்டை இருக்கிறதே, ஊதாவும் வெள்ளையுமாக, வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்கும் அந்தப் பட்டுப் பட்டை! ஆண்பிள்ளை ஒருத்தனுக்கும் கிடையாது, பெண்களுக்கு மட்டும்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் அதை வாங்கினவள் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கோ ஆதரவற்றோர் இல்லத்துக்கோ போயே தீரவேண்டும் என்று சட்டம். மற்ற சீமாட்டிகள் வண்டியிலிருந்து மூக்கை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நம் அத்தை அப்படியா? இலையுதிர் காலத்திலிருந்து பெண்கள் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுக் குழந்தைகள் இல்லத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். சுவரில் சுழலும் மரப்பெட்டி இருக்குமே, யாரும் பார்க்காத நேரத்தில் குழந்தையை வைத்துத் திருப்பிவிட்டுப் போவார்களே, அந்த இல்லம். மாதத்தின் முதல் வியாழன் என்றால் பெருமழையும் அவளைத் தடுக்காது. பட்டை இல்லாதவள் தொட்டில் கூடத்துக்குள் போகக்கூடாதாம். நான் வாசலில் பிஸ்கோத்துக் கூடையோடு விறைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பட்டு, எனக்குக் குட்டு.

டிசம்பரில், ஊரே ஒருவரை ஒருவர் ஏமாற்றிக் கேலி செய்யும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று, வழக்கம்போல அவள் முதுகில் காகிதப் பொம்மை வெட்டிக் குத்திவிட்டேன். மற்ற வருடமென்றால் காதைத் திருகியிருப்பாள். இந்த வருடம் பொம்மையை எடுத்துப் பார்த்தாள், மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

நீ எழுதவே மாட்டேன் என்கிறாய். மை தீர்ந்துவிட்டதா, மனசு தீர்ந்துவிட்டதா?

கூடை சுமந்த கையால் உன்னைக் கட்டிக்கொள்ளும்,
காசில்டா


செகோவியா, பிப்ரவரி 24

அன்புத் தங்கை காசில்டாவுக்கு,

ஆண்டவர் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். நான் நலம். இருமல் இல்லை.

நாரைகள் திரும்பி வந்துவிட்டன. எதிரே மணிக்கூண்டில் கூடு கட்டுகின்றன. ஒரு குரல் என்னைத் தூங்கவிடுவதில்லை. "அது நாரைதாம்மா, நாரை கத்துது" என்கிறாள் காவல்காரர் மனைவி நிகோலாசா. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கிறேன். சாத்தினாலும் கேட்கிறது.

கூடை தூக்கப் போகும்போது கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

அக்கா


மத்ரீத், மார்ச் 14

அக்கா, நலமாயிரு. கேட்டாலும் நீ ஒரு வரிதான் எழுதப்போகிறாய்.

இந்த முறை வேடிக்கை குறைவு. இந்த மாத வியாழன் இல்லத்திலிருந்து திரும்பி வண்டியிலிருந்து இறங்கும்போதே அத்தை சாய்ந்துவிட்டாள். வலது பக்கம் அசைவில்லை. வாய் கோணிவிட்டது. மருத்துவர் வந்து ரத்தம் எடுத்தார், தலையை ஆட்டினார், சாக்லேட் குடித்துவிட்டுப் போனார். பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை. பால் வேண்டுமா அத்தை என்றால் "வியாழன்." பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்றால் "வியாழன்." இடது கையால் அலமாரியைக் காட்டுகிறாள். அங்கே பட்டைதான் தொங்குகிறது.

சமையல்காரி மெல்சோராவிடம் சொன்னேன், "எனக்கும் அத்தைக்கும் ஒரே உயரம். கறுப்பு முக்காடும் அந்தப் பட்டையும் போட்டுக்கிட்டா வித்தியாசமே தெரியாது."

"நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாவேன், உன்னைப் பார்த்து யாராவது சீமாட்டின்னு குனிஞ்சாங்கன்னா" என்றாள் அவள்.

"குனிஞ்சா?"

"பாஸ்குப் பண்டிகைக்கு நான் பொரிக்கிற பால்ரொட்டி அத்தனையும் உனக்கு."

அத்தனையும், அக்கா! என் வயிறு இப்போதே சீமாட்டி ஆகிவிட்டது.

அத்தையைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்க மாட்டாயா? உன்னை வளர்த்தவள்தானே.

காசில்டா


மத்ரீத், ஏப்ரல் 5

பாஸ்கு வாழ்த்துகள் அக்கா! போன கடிதத்துக்குப் பதில் வராததால் இதையும் சேர்த்துக் கடன் வைத்துக்கொள்.

ஜெயித்துவிட்டேன். பொரித்த ரொட்டி தின்று நகர முடியாமல் எழுதுகிறேன்.

முதல் வியாழன் இந்த மாதம் பாஸ்குக்கு முந்தின பெரிய வியாழனாகவே வந்தது. தெரு முழுக்கக் கறுப்பு முக்காடு போட்ட பெண்கள், கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல மறைவு கிடைக்குமா? பட்டையை மாட்டினேன், அத்தையின் கைத்தடியை ஊன்றினேன், கிழவி போல மூச்சு வாங்கினேன்.

கதவைத் திறந்தது சகோதரி பிராக்ஸெதிஸ். கண்ணில் புரை விழுந்த வயதான கன்னிகாஸ்திரி. என் முகத்தையே பார்க்கவில்லை. பட்டையை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்! "வாங்கம்மா. உடம்பு முடியலைன்னாங்களே. வந்துட்டீங்களே" என்று கையைப் பிடித்து நேராகக் கூடத்துக்குள் கூட்டிப்போனாள்.

அக்கா, அவ்வளவு தொட்டில்களை நான் பார்த்ததில்லை. சத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அழுது பிரயோசனமில்லை என்று அதுகளுக்குத் தெரிந்துவிடுமாம். சிரிக்கலாம் என்று போனேன், சிரிப்பு வரவில்லை.

ஜன்னலோரத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. "உங்க நாற்காலிதாம்மா, உட்காருங்க. உங்க லூக்காஸ் நேத்து சிரிச்சான்" என்றாள்.

உங்க லூக்காஸ்! கேட்டாயா? நம் அத்தைக்கு ஒரு ரகசியப் பிள்ளை! அறுபது வயதில்! பட்டை போட்டவள் நமக்கே பட்டை நாமம் போட்டுவிட்டாளே! புனித லூக்கா திருநாளுக்கு மறுநாள், துணியில் சுற்றி வண்டியில் அவளே கொண்டுவந்தாளாம். சுழல் பெட்டியில் வைக்க மனசு வராமல் கையிலேயே கொடுத்தாளாம். மாதாமாதம் வந்து இந்த நாற்காலியில் உட்காருவாளாம், தூக்கவே மாட்டாளாம். வெறுமனே பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

அதைவிட வேடிக்கை: அவனுக்கு ஒரு காதுமடல் மேலே மடிந்திருக்கிறது. அப்பாவுக்கு இருந்ததே, உனக்கும் இருக்கிறதே, கொண்டை போட்டு மறைப்பாயே, அதே மடிப்பு. நம் குடும்ப முத்திரை! அத்தையின் குட்டு உடைந்துவிட்டது. யார் அந்தக் காதலன் என்று யோசித்துச் சொல். மருத்துவரா, பாதிரியாரா? எனக்கு மருத்துவர்மேல்தான் சந்தேகம். அவ்வளவு சாக்லேட் யார் குடிப்பார்கள்?

சிரித்துக்கொண்டே முடிக்கும்,
இளைய சீமாட்டி தோன்யா காசில்டா


செகோவியா, ஏப்ரல் 9

எந்தக் காது? வலதா, இடதா?


மத்ரீத், ஏப்ரல் 20

மாட்சிமை தங்கிய அக்காவுக்கு,

வணக்கம் இல்லை, நலமா இல்லை, முத்தம் இல்லை, கையெழுத்துகூட இல்லை. செகோவியாவில் மரியாதையும் மலையேறிப் போய்விட்டதா? உன் எழுத்து வேறு கோணல் மாணலாக இருந்தது. குளிரா?

இடது காது.

அத்தை இறங்கிக்கொண்டே போகிறாள். நேற்று நான் அவள் காதருகே குனிந்து, "லூக்காஸைப் பாத்துட்டேன் அத்தை" என்று குறும்பாகச் சொன்னேன். கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். நான் ஏதோ உடைத்துவிட்டேன் போலிருந்தது. என்னவென்று தெரியவில்லை.

அந்தப் பிள்ளை அங்கே அதிக நாள் இருக்கமாட்டானாம். நற்கருணைத் திருநாள் முடிந்த மறுநாள் மலையூர்களிலிருந்து வளர்ப்புத் தாய்மார் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், பால்குடி மறக்கும் பிள்ளைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். எந்த ஊர், எந்த வீடு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது என்றாள் சகோதரி. "போன தடவை நீங்க கேட்டுக்கிட்டதால நிறுத்தி வெச்சேன். திரும்ப நிறுத்த முடியாதும்மா."

எழுது. முழு வாக்கியங்களில்.

காசில்டா


செகோவியா, மே 1

அன்புத் தங்கை காசில்டாவுக்கு,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். என் கடிதம் உன்னை வருத்தியிருந்தால் மன்னித்துவிடு. முழு வாக்கியங்களில் எழுதுகிறேன்.

இன்று நிகோலாசாவோடு முற்றத்தில் உட்கார்ந்து நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சு பொரித்துவிட்டன. தாயும் தகப்பனும் அலகைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன, மரக்கட்டையை மரக்கட்டையால் அடிப்பது போல. "இதுகள் கத்தாதா?" என்று கேட்டேன். நிகோலாசா யோசிக்காமல் சொல்லிவிட்டாள், "நாரைக்கு ஏதும்மா குரல்? அலகைத் தட்டத்தான் தெரியும்." சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த அவரைக்காய் கொட்டிவிட்டது.

அதுவுமில்லாமல், அக்டோபரில் இங்கே நாரைகளே கிடையாது காசில்டா. எல்லாம் ஆகஸ்டிலேயே தெற்கே பறந்துவிடும். இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அந்த அக்டோபரில் நான் ஒரு குரலைக் கேட்டேன். ஒரே ஒரு தடவை. அத்தை படுக்கையின் பக்கத்தில் நின்றுகொண்டு, "அது வெளியே நாரை. இங்கே ஒண்ணும் அழலை. இங்கே அழறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றாள்.

நீ இந்த வியாழன் போவாய் அல்லவா? அவனைத் தூக்கு. பிறகு உன் கைகளை என் கைக்குட்டையால் துடைத்து, துவைக்காமல் அனுப்பு. கைக்குட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

அத்தையிடம் எதுவும் கேட்காதே.

அக்கா


மத்ரீத், மே 14

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் எழுதிய வேடிக்கையை எல்லாம் நீ எப்படி வாசித்திருப்பாய் என்று நினைத்தால் பேனாவை முறித்துப் போடலாம் போலிருக்கிறது. போன வசந்தத்தில், நம் தெருவில் குதிரையை நிறுத்திவிட்டு நிற்பாரே அந்த லெப்டினன்ட், அவர் கலீசியாக் கலகத்தில் இறந்துபோனார் என்று சாப்பாட்டு மேசையில் யாரோ சொன்னார்கள். நீ உப்பை எடுத்துத் தரச் சொன்னாய். நானும் தந்தேன். அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்தது.

அத்தை போய்விட்டாள். மே ஆறாம் தேதி, விடிந்தவுடன். வியாழக்கிழமை. "வியாழன்" என்றே சொல்லிக்கொண்டு போனாள். செகோவியா வீட்டை உன் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறாள். அன்று முழுக்க நான் சவப்பெட்டிப் பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் அடக்கம். அவளுடைய சாம்பல் நிறச் சால்வையை நானேதான் அவள் காலில் போர்த்தினேன், மூலையில் நான் சிறுமியாக இருந்தபோது மெழுகுவர்த்தியால் சுட்ட ஓட்டை இருக்குமே, அந்தச் சால்வை. மூடியில் ஆணி அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்று இப்போது தெரிந்துவிடும்.

நேற்று முன்தினம் இல்லத்துக்குப் போனேன். பட்டை இல்லாமல், நானாக. "சகோதரி, எங்க அத்தை இறந்துட்டாங்க, சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

சகோதரி பிராக்ஸெதிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். "எப்பம்மா?"

"ஆறாம் தேதி. வியாழக்கிழமை காலைல."

"சாயங்காலமா இருக்கும்."

"காலைல, சகோதரி."

"இல்லையே பொண்ணே. அன்னிக்கு மத்தியானம் பாலூட்டற நேரத்துக்கு வந்திருந்தாங்களே. நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. சாம்பல் சால்வை போர்த்தியிருந்தாங்க, என் மங்கின கண்ணுக்கே தெரிஞ்சது. குளிருதான்னு கேட்டேன், பதில் சொல்லலை."

நான் போகவில்லை அக்கா. உன்மேல் ஆணையாக, நான் போகவில்லை. பட்டை அலமாரியிலேயே தொங்கியது. அலமாரிச் சாவி என் கழுத்தில் இருந்தது.

அதனால் கைக்குட்டை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது. பட்டை இல்லாதவளை உள்ளே விடமாட்டார்கள். அரண்மனையிலிருந்தும் ஆள் வந்துவிட்டான். பட்டை வாங்கியவள் இறந்தால் அதைத் திருப்பித் தரவேண்டுமாம். நற்கருணைத் திருநாளுக்கு மறுநாள் வந்து வாங்கிப்போகிறேன் என்றான். அன்றைக்குத்தான் மலையூர் வண்டிகளும் வருகின்றன. ஜூன் மூன்று, முதல் வியாழன், திருநாள், எல்லாம் ஒரே நாள். ஒரே ஒரு வியாழன் மிச்சமிருக்கிறது.

நீயே வந்து கேட்டால் பெயர், சாட்சி எல்லாம் கேட்பார்கள். ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். என்ன செய்யட்டும்? ஒரு வார்த்தை எழுது.

காசில்டா


செகோவியா, மே 20

அன்புள்ள காசில்டா,

நலம். நீயும் நலமாயிரு.

நிகோலாசா பரணிலிருந்து தொட்டிலை இறக்கினாள். கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம். தன் தங்கை பிள்ளை வரப்போகிறான் என்று தெருவில் எல்லோரிடமும் அவளே சொல்லி வைத்துவிட்டாள். ஆடு ஒன்றும் வாங்கியாயிற்று.

திருநாள் சமயத்தில் மலைப்பாதையில் வெயில் அதிகம் என்கிறார்கள். தலைக்குத் துணி போடு. உனக்கும்.

அக்கா


மத்ரீத், ஜூன் 22

அக்கா, வந்து சேர்ந்தேன். வண்டி குலுக்கியதில் எலும்புகள் இடம் மாறியிருக்கின்றன, மற்றபடி நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. பார்த்துவிட்டுத்தானே வந்தேன். நீ அவனை வாங்கி மடிந்த காதை விரலால் நிமிர்த்திப் பார்த்ததையும், அது மறுபடி மடிந்துகொண்டதையும், நீ சிரித்ததையும் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஒன்று மட்டும் உன் எதிரில் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. இப்போது எழுதுகிறேன், பகலில் வாசி.

திருநாளன்று எல்லாச் சகோதரிகளும் பவனி பார்க்கப் போயிருந்தார்கள். பார்க்கக் கண்ணில்லாத பிராக்ஸெதிஸ் மட்டும் வாசலில். நான் பட்டை, முக்காடு, கைத்தடியோடு போனேன். இந்த முறை பந்தயம் இல்லை. கிழவி நடை தானாகவே வந்தது. அத்தை இறந்தது அவளுக்குத் தெரியும், நானே சொன்னேன். பயந்து அலறுவாளா, குனிவாளா என்று எனக்கே தெரியாது. அரசியார் ஆணை, அப்படி இப்படி என்று பெரிய பொய் ஒன்றைத் தைத்து வைத்திருந்தேன்.

வாயைத் திறக்கவே விடவில்லை. "தயாரா இருக்கான்மா" என்றாள். "காலைலயே வந்து சொல்லிட்டுப் போனீங்களே, பால் குடுத்து வைன்னு. குடுத்துட்டேன். நீங்க போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் முதல் தடவையா பேசினீங்க இன்னிக்கு."

நான் காலையில் வீட்டில் இருந்தேன். பட்டையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். மெல்சோரா சாட்சி.

"உங்களுக்குப் பயமா இல்லையா சகோதரி?" என்று கேட்டுவிட்டேன். என் சொந்தக் குரலில், மறந்துபோய்.

"எதுக்குப் பயம்? இங்கே வந்து போன பிஞ்சுங்க எத்தனை. அதுங்க எல்லாம் இந்தக் கூடத்துலதான் திரியுதுங்க. பெரியவங்க ஒருத்தர் கூட வந்து உட்கார்ந்தா அதுங்களுக்கும் நல்லதுதானே."

அவனைக் கையில் வைத்தாள். படியிறங்கும்போது, "பார்த்து, மூணாவது படி உடைஞ்சிருக்கு பொண்ணே" என்றாள். பொண்ணே! யார் யாரை ஏமாற்றியது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. சீமாட்டி வந்து தன் பிள்ளையைக் கூட்டிப்போனாள் என்று இல்லம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கிறார்களாம்.

தெருவில் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அவன்மேல் என்ன சுற்றியிருக்கிறது என்று பார்த்தேன். நீயும் பார்த்தாய். "இதை எங்கே பிடிச்சே?" என்றாய். "அலமாரியில இருந்துச்சு" என்றேன். இல்லை அக்கா. மூலையில் விரலை விட்டுப் பார். மெழுகுவர்த்தி ஓட்டை.

பட்டையை அரண்மனை ஆள் வாங்கிப்போனான். தோள்பக்கம் பால் கக்கியிருந்தது. மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அரசியாருக்கு என் அன்பு" என்றேன்.

கைக்குட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். இனி உனக்கு எதற்கு?

லூக்காஸின் காதை முத்தமிடும், பட்டை இழந்த,
காசில்டா


செகோவியா, ஜூலை 1

என் காசில்டா,

நாங்கள் நலம். பன்மையில் எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது.

நீ சொன்னபடி பகலில் வாசித்தேன். ஓட்டையில் விரலையும் விட்டுப் பார்த்தேன். அன்றே அடுப்பில் போடுவதற்காக எடுத்துப்போனேன். லூக்காஸ் அழ ஆரம்பித்துவிட்டான். அவன் இங்கே வந்து அழுதது அதுதான் முதல் தடவை, காசில்டா. கூரை அதிர அழுதான். நான் கேட்ட அதே குரல். நிகோலாசா ஓடிவந்து அவனைத் தூக்கப் போனாள். "விடு, கொஞ்ச நேரம் அழட்டும், கேட்கணும்" என்றேன். பிறகு சால்வையை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

இன்று முதல் வியாழன். பாலூட்டும் நேரத்தில் அவன் என்னை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். அங்கே காலி நாற்காலிதான் இருந்தது. யாரையோ தெரிந்தவரைப் பார்த்தாற்போல் அந்தப் பக்கமே பார்த்துக் கை நீட்டினான். அறை குளிர்ந்துவிட்டது. ஜூலையில்.

அவள் ஒருத்தியைத்தானே அவன் இத்தனை மாதம் மாதந்தவறாமல் பார்த்திருக்கிறான்.

நான் அவனை இறக்கிவிட்டு எழுந்து போய் நாற்காலியைப் பிடித்தேன். வெளியே கொண்டுபோய்ப் போடத்தான் எழுந்தேன். பிறகு சுவரோரமாக, தொட்டிலுக்குக் கை எட்டாத தூரத்தில் நகர்த்திப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த முறை அவள் கல்லறைக்குப் போனால் சொல்லிவிடு. வியாழக்கிழமைகளில் வரலாம். உட்காரலாம். தூக்கக் கூடாது.

உன் கையை முத்தமிடும்,
லெயோகாதியா